செம்புத் தூள்

நவம்பர் கடைசியில் எண்ணெய்க்கும் பிடிவாதம் வந்துவிடும்.
சாய்த்தால் உடனே விழாது, யோசிக்கும்.
பீப்பாயைச் சுற்றி ஹீட்டர் பட்டை கட்டி
இரவெல்லாம் விட்டுவைக்கிறேன்.
காலையில் கொட்டகையைத் திறந்தால்
ஊர் இஞ்சின்கள் எல்லாம் சேர்ந்து
ஒருமுறை ஏப்பம் விட்ட வாடை.

இதுதான் என் பிக்கப்புக்குச் சாப்பாடு.
தொண்ணூற்று நான்காம் வருடத்து டாட்ஜ்.
கம்ப்யூட்டர் கிடையாது, பம்ப் முழுக்க இரும்பு,
எதை ஊற்றினாலும் விழுங்கும்,
பிறகு புகையாகத் திட்டும்.
நான்கு பங்கு கழிவுக்கு ஒரு பங்கு பெட்ரோல்,
குளிர் முற்றினால் டீசல் கொஞ்சம் தாராளமாக.

கொடுப்பவர்கள் உண்டு.
பள்ளிப் பேருந்து ஓட்டும் கோர்டி ப்ரோகோப்,
டயர் கடை ஸ்டானிக்,
ஃபாதர் வாசில்.
வாரந்தோறும் பாவமன்னிப்பு கொடுப்பவர்
எண்ணெயை மட்டும் வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்றுகிறார்.
தாராக வந்து விழும்.

முதலில் சூடான கடாயில் ஒரு சொட்டு.
பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.
சஸ்காட்செவன் கடுகை வாங்கிப்போகிற ஊர்களில்
அடுப்படிதோறும் இப்படித்தான் வெடிக்குமாம்.
வெடிக்காததை ஆறு வாரம் தெளியவிட்டு
சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுகிறேன்.
குடுவைச் சுவரில் கரும்பசை ஒட்டும்.
கத்தியால் வழித்தெடுக்க வேண்டும்.

புதன்கிழமை
கத்தி நுனி மின்னியது.

விளக்கடியில் பிடித்தேன். செம்பு.
எவருடைய இஞ்சினிலோ பேரிங்கின் மேல்பூச்சு போய்
அடித்தகடு அரைபட ஆரம்பித்திருக்கிறது.
இன்றோ நாளையோ இறுகிவிடும்,
அதுவும் மைனஸ் முப்பத்தொன்றில்,
ஆளில்லாத ஏதாவது சாலையில்.

இந்தப் பீப்பாயில் நான்கு பேர் எண்ணெய்.
கோர்டிக்குப் போன் செய்தேன்: புது இஞ்சின்.
ஸ்டானிக்: போன மாதம்தான் பிரித்துப் பார்த்தானாம்.
ஃபாதர் தானே குனிந்து கேட்டுவிட்டு
சத்தம் ஏதும் இல்லை, கடவுள் பார்த்துக்கொள்வார் என்றார்.
கடவுளிடம் பதினேழாம் நம்பர் ஸ்பானர் இருக்கிறதா
என்று கேட்க வாய்வரை வந்தது.

மிச்சம் அந்த நீல டப்பா.
பெயர் எழுதாமல், விடிவதற்குள்
என் கேட்டோரம் உட்கார்ந்திருக்கும் டப்பா.
மார்லிஸ் டோர்கல்சன் என்று எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
அவள் வெட்டிய வடிகால்,
என் கனோலாவில் பதினெட்டு நாள் நின்ற தண்ணீர்,
கூட்டத்தில் எழுந்து நான் சொன்ன ஒரு சொல்.
நாற்பது கிலோமீட்டர் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதை
இங்கே வைத்துவிட்டுப் போகிறாள்.
சமாதானமா, சோம்பலா,
நான் விசாரித்ததில்லை. எரித்தேன்.

வியாழன்தோறும் தம்பியை ஏற்றிக்கொண்டு
டயாலிசிஸுக்கு சஸ்கட்டூன் போகிறவள்.
நூற்றெண்பது கிலோமீட்டர்.
நாளை வியாழன்.

மணி அடித்தது, அடித்தது.
என் நம்பரைப் பார்த்திருப்பாள்.

கிளம்பினேன். வெள்ளைப்புகை
பின்னால் சுவர்போல எழும்பி வந்தது.
நாய் குரைக்குமுன்பே அந்த வாடைக்கு
அவள் வாசல் விளக்கைப் போட்டாள்.
கண்ணாடியை இறக்கி,
சௌக்கியமா என்றெல்லாம் கேட்காமல்,
நாளைக்கு உன் வண்டியை எடுக்காதே என்றேன்.

"வாய்க்கால் விஷயமா?"

"பேரிங்."

கத்தியை நீட்டினேன்.
டார்ச் அடித்துப் பார்த்தாள்.
கறுப்புக்குள் பொடிப்பொடியாக, அவளுடையது.
கையுறையைக் கழற்றி விரலால் தேய்த்தாள்,
விரலைத் தன் கோட்டில் துடைத்தாள், மறுபடி தேய்த்தாள்.
எவ்வளவு நேரம் என்று சொல்லமாட்டேன்,
என் மீசை உறைந்துவிட்டது.

பிறகு என்னைப் பாராமல்
என் பிக்கப்பின் முகப்பைப் பார்த்துக் கேட்டாள்:
"இது அவ்வளவு தூரம் போகுமா?"

"வழியில் இரண்டு ஃபில்டர் மாற்றவேண்டி வரும்" என்றேன்.

"எட்டு மணிக்கு அங்கே இருக்கணும்."

தலையசைத்தேன்.
பேச்சு முழுக்க இஞ்சினை நான் நிறுத்தவே இல்லை.
நிறுத்தியிருந்தால் திரும்பப் பிடித்திருக்காது.